கோடுகளை எண்ண வேண்டாம், பொருத்தைப் பாருங்கள்

போன மாதம் தெருமுனைப் பெட்டிக்கடையில் பால் பாக்கெட் வாங்கிவிட்டு, நோட்டோடு சேர்த்து ஒரு பத்து ரூபாய்க் காசையும் நீட்டினேன். கடைக்கார அக்கா நோட்டைக் கல்லாவில் போட்டார். காசை மட்டும் பலகை மேல் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதில் இருக்கும் சின்னச் சின்னக் கோடுகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"பதினஞ்சு இருக்குதுங்க தம்பி. பத்துக் கோடு போட்டதுதான் நல்ல காசாமா. இது வேண்டாமுங்க."

"ஆருங்க சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. அதுவுமில்லாம நான் வாங்கி வெச்சா, அப்பறம் எங்கிட்ட இருந்து ஆரு வாங்குவாங்க, நீங்களே சொல்லுங்க."

அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தமிழ்நாட்டில் பத்து ரூபாய்க் காசு படும் பாடெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. வாங்குகிறவர் காசைப் பார்த்துப் பயப்படுவதில்லை, தனக்கு அடுத்து வாங்கப்போகிறவரை நினைத்துத்தான் பயப்படுகிறார். ஆனால் முதலில் சொன்னது, அந்தக் கோடு எண்ணும் வேலை, அதைக் கேட்டுவிட்டுச் சும்மா வர முடியவில்லை. நான் லேத் பட்டறையில் வளர்ந்தவன். அப்பாவின் பட்டறையில் பேரிங்கை அதன் கூட்டுக்குள் அழுத்தி ஏற்றுவதையும், கொஞ்சம் லூசாகிவிட்டால் அது எப்படிச் சுற்றிச் சுற்றித் தேய்ந்து போகும் என்பதையும் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு உலோகத்துக்குள் இன்னொரு உலோகத்தைக் கழலாமல் உட்கார வைப்பது எத்தனை கஷ்டமான வேலை என்று கொஞ்சம் தெரியும். அந்த வேலையை விரல் நுனி அளவுள்ள ஒரு பொருளில் கோடிக்கணக்கில் செய்து நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். நாம் அதை விட்டுவிட்டு, மேலே அலங்காரத்துக்குப் போட்ட கோட்டை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் அதே காசை அப்பாவின் பழைய பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். 27 மி.மீ. விட்டம், 7.71 கிராம் எடை. வெளியே மஞ்சள் வளையம், உள்ளே வெள்ளை வில்லை. இரண்டும் சேரும் இடத்தில் தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு கறுப்பு வட்டம் தெரிகிறது, அது இடைவெளி இல்லை, பல வருஷம் பல கை மாறி ஏறிய அழுக்கு. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்ததும் கறுப்பு போய்விட்டது, நிறம் மாறுகிற எல்லை மட்டும் மிஞ்சியது. இப்போது நகத்தை மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மெதுவாக இழுத்துப் பார்த்தால் எங்கேயும் தட்டவில்லை. இந்த ஒரு சோதனையைக் கையில் கிடைக்கும் பத்து ரூபாய்க் காசில் செய்து பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் என்று நகத்துக்குத் தெரியவே தெரியாது.

இத்தனைக்கும் அங்கே பசை கிடையாது, பற்றவைப்பு கிடையாது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். வெளி வளையத்துக்கான வில்லையில் நடுவே ஓட்டை போடுகிறார்கள். உள்ளே போகும் சின்ன வில்லையின் விளிம்பைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று இழுக்கிறார்கள். பிறகு வளையத்துக்குள் வில்லையை வெறுமனே வைத்து, அச்சு இயந்திரத்தில் மேலும் கீழும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே கொடுத்து ஒரே அடி. அந்த அடியில்தான் சிங்கமும் எழுத்தும் விழுகிறது, அதே அடியில்தான் வளையத்தின் உலோகம் உள்பக்கமாக நசுங்கி அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. படம் போடுவதும் பூட்டுப் போடுவதும் ஒரே நொடியில் முடிகிற வேலை. நாணயத்தைப் பொறுத்தவரை இதைவிட அழகான பொறியியல் எதையும் நான் பார்த்ததில்லை.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். இரும்புப் பட்டையைச் செங்கல் சிவப்பாகக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே மரச் சக்கரத்தின் மேல் ஏற்றி, தண்ணீர் ஊற்றினால் 'சுர்'ரென்று சுருங்கி இறுகிக்கொள்ளும். காசில் சூடு என்ற பேச்சே இல்லை, வெறும் அழுத்தம்தான். ஆனால் சுருங்குவது, விரிவது என்ற குணம் காசையும் விட்டபாடில்லை. கனடாக்காரர்கள் இதை நன்றாக அனுபவித்திருக்கிறார்கள்.

1996இல் கனடா இரண்டு டாலருக்கு இரட்டை உலோகக் காசு வெளியிட்டது. வெளியே நிக்கல் வளையம், உள்ளே அலுமினிய வெண்கலம். வந்த புதிதில் சில காசுகளில் நடு வில்லை தனியாகக் கழன்று விழுந்தது. மக்கள் சும்மா இருப்பார்களா? உறைபெட்டியில் வைத்து எடுத்து, தட்டித் தட்டிக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏன் குளிரில் கழல்கிறது? தாமிரம் அதிகமுள்ள உலோகம் குளிர்ந்தால் நிக்கலைவிடக் கூடுதலாகச் சுருங்கும். உள்ளே இருப்பது அதிகமாகச் சுருங்கி, வெளியே இருப்பது குறைவாகச் சுருங்கினால் பிடி தளரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த அளவுள்ள வில்லைக்கு 50 டிகிரி குளிர்ச்சியில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு வருகிறது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூட்டுச் சரியாக விழுந்த காசை இது ஒன்றும் செய்யாது, அரைகுறையாக விழுந்த காசுக்கு இதுவே போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. கனடா காசின் நடுவில் வைத்த அதே கலவையைத்தான், தாமிரம் 92, அலுமினியம் 6, நிக்கல் 2 சதவீதம், நம் பத்து ரூபாயில் வெளி வளையமாகப் போட்டிருக்கிறோம். அதிகம் சுருங்குகிற தாமிரக் கலவை வெளியே இருப்பதால் குளிர்ந்தால் நம் காசு இன்னும் இறுகத்தான் செய்யும், வண்டிப் பட்டை மாதிரியே.

அலுமினிய வெண்கலம் என்ற பெயரில் வெண்கலம் இருக்கிறதே தவிர, நம் வீட்டு வெண்கலப் பானை வேறு, இது வேறு. பானையில் தாமிரத்தோடு சேர்வது வெள்ளீயம். இங்கே வெள்ளீயம் இல்லை. அலுமினியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திவிடுகிறது, அதனால் வியர்வையும் ஈரமும் பட்டாலும் செப்புக்காசு மாதிரி சீக்கிரம் பச்சை பிடிப்பதில்லை.

சரி, எதற்கு இரண்டு உலோகம்? ஒன்றே போதாதா? இந்த வேலையைப் புழக்கக் காசில் முதலில் செய்து காட்டியது இத்தாலி, 1982இல், 500 லிராவில். ரோம் நாணயச்சாலையில் இருந்த லாரா கிரெட்டாரா என்ற பெண்மணி வடிவமைத்தது. வளையம் ஒருவகைத் துருப்பிடிக்காத எஃகு, நடுவில் மஞ்சள் வெண்கலம். பார்வையில்லாதவர்கள் தடவி அறிய அதில் மதிப்பை பிரெய்ல் புள்ளிகளிலும் போட்டிருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே. அப்புறம் பிரான்ஸ், தாய்லாந்து என்று வரிசையாக நாடுகள் வந்து சேர்ந்தன. காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான். மதிப்புக் கூடின நோட்டு கை மாறி மாறிக் கிழிகிறது, காசாக அடித்தால் பல ஆண்டு தாங்கும். ஆனால் மதிப்புக் கூடின காசு என்றால் கள்ளக்காசு அடிப்பவனுக்கும் லாபம் கூடும். அவனுக்கு வேலையைக் கஷ்டமாக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரே உலோகத்தில் இருந்த பழைய ஒரு பவுண்டு காசில் ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று போலி என்ற அளவுக்குப் போய்விட்டது. அதனால்தான் 2017இல் பன்னிரண்டு பக்கமுள்ள இரட்டை உலோகக் காசைக் கொண்டுவந்து, அதே ஆண்டு அக்டோபரில் பழையதைச் செல்லாது என்று அறிவித்தார்கள். போலி அடிக்கிறவன் இப்போது இரண்டு கலவை தேட வேண்டும், வளையத்தைத் துல்லியமாகத் துளைக்க வேண்டும், பள்ளம் இழுக்க வேண்டும், இரண்டையும் ஒரே அடியில் பூட்டுகிற அளவுக்கு அழுத்தமுள்ள இயந்திரம் வைத்திருக்க வேண்டும். பட்டறைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், சிங்கத்தின் முகத்தைக்கூட நகல் எடுத்துவிடலாம், அந்தப் பொருத்தை நகல் எடுப்பதுதான் பெரும்பாடு.

காசு போட்டால் பொருள் தள்ளுகிற இயந்திரங்களுக்கும் இரண்டு உலோகம் வசதி. அவை கண்ணால் பார்ப்பதில்லை, காசு உருண்டு போகும்போது அதன் மின்கடத்தும் குணத்தையும் அளவையும் பார்க்கின்றன. இரண்டு உலோகம் சேர்ந்து கொடுக்கும் அடையாளம் ஒற்றை உலோகத்தில் வராது. இதிலும் ஒரு சிக்கல் நடந்தது. தாய்லாந்தின் பத்து பாட் காசு 26 மி.மீ., 8.5 கிராம். பல ஆண்டு கழித்து வந்த இரண்டு யூரோ காசு 25.75 மி.மீ., அதே 8.5 கிராம், இரண்டுமே வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள். மதிப்பில் யூரோ பல மடங்கு பெரியது. சில இயந்திரங்கள் ஏமாந்தன. யூரோவின் நடு வில்லையை உற்றுப் பார்த்தால் அதுவே மூன்று அடுக்கு, நிக்கல் பித்தளை, நடுவே நிக்கல், மறுபடி நிக்கல் பித்தளை. அந்த நிக்கல் அடுக்கால் காந்தம் நடுப்பகுதியை லேசாக இழுக்கும். அதைப் பார்க்கத் தெரிந்த இயந்திரம் ஏமாறாது.

இப்போது நம் இருபது ரூபாய்க் காசுக்கு வருகிறேன், எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். 2019 மார்ச்சில் அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு புழக்கத்துக்கு வந்தது. 8.54 கிராம், பன்னிரண்டு முகம், விளிம்பில் பல்வெட்டு இல்லை. பத்து ரூபாய்க்கு நேர் எதிராக வெள்ளை வெளியே, மஞ்சள் உள்ளே. மதிப்பு போட்ட பக்கத்தில் ஓரமாகத் தானியக் கதிர். வெளி வளையத்துக்குப் பெயர் நிக்கல் சில்வர். பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் ஒரு குண்டுமணி வெள்ளி கிடையாது. நம் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று குங்குமச்சிமிழும் தாம்பாளமும் விற்கிறார்களே, அதே இனம்தான்.

அதன் கலவையை எழுதி வைத்துப் பார்த்தபோது அசந்துவிட்டேன். வெளி வளையம்: தாமிரம் 65, துத்தநாகம் 15, நிக்கல் 20 சதவீதம். உள் வில்லை: தாமிரம் 75, துத்தநாகம் 20, நிக்கல் 5. இரண்டிலும் அதே மூன்று உலோகம்! வேறு எதுவும் சேர்க்கவில்லை. அளவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், ஒன்று வெள்ளையாகிவிட்டது, மற்றது பித்தளை மஞ்சளாகவே நிற்கிறது. நிக்கல் செய்கிற வேலை அது. வளையத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கமாகத் தாமிரம் இருந்தும் ஐந்தில் ஒரு பங்கு நிக்கல் அதன் சிவப்பையெல்லாம் விழுங்கிவிடுகிறது. இரட்டை உலோகம் என்கிறோம், உண்மையில் இருபது ரூபாய்க் காசு ஒரே அடுப்பில் இரண்டு பக்குவத்தில் இறக்கிய ஒரே பண்டம் மாதிரி.

பாராட்டினேன், குறையும் சொல்ல வேண்டும். 2019இல் அறிவித்த அந்தப் புதிய காசு வரிசையே பார்வை குறைந்தவர்களுக்குச் சுலபமாக இருக்கவேண்டும் என்று, மதிப்புக் கூடக் கூட அளவும் எடையும் கூடும்படி யோசித்துச் செய்தது. நல்ல எண்ணம். ஆனால் பத்தும் இருபதும் இரண்டுமே 27 மி.மீ.! எடையில் ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை. முழுக்க முழுக்க அந்தப் பன்னிரண்டு முனையை நம்பித்தான் விரல் முடிவெடுக்க வேண்டும், முனைகளோ மழுங்கலாக இருக்கின்றன. ஒரு ராத்திரி கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, மனைவியை ஒவ்வொரு காசாக உள்ளங்கையில் வைக்கச் சொன்னேன். இருபது தடவையில் ஆறு தடவை தவறாகச் சொன்னேன். காசைச் சுற்றி விரலை உருட்டிப் பார்க்க நேரம் கொடுத்தால் தவறவில்லை, ஆனால் பேருந்தில் பின்னால் நாலு பேர் நெருக்கும்போது யார் நேரம் கொடுப்பார்கள்? இத்தாலிக்காரர்கள் 1982இல் வைத்த பிரெய்ல் புள்ளியை நாமும் வைத்திருக்கலாம். இது எனக்கு உண்மையான வருத்தம்.

அப்புறம் அந்தக் கோட்டுக் கதை. பத்து ரூபாய்க் காசு 2005ஆம் ஆண்டு முத்திரையோடு முதலில் அடிக்கப்பட்டு, 2009இல்தான் மக்கள் கைக்கு வந்தது. முதல் வடிவத்தின் கருத்து 'வேற்றுமையில் ஒற்றுமை'. ஒரே உடலைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு தலைகள், குறுக்கும் நெடுக்குமாகக் கோடும் புள்ளியும். அடுத்து வந்தது 'தொடர்பும் தகவல் தொழில்நுட்பமும்' என்ற கருத்து, அதில்தான் பதினைந்து கோடுகள் கதிர்போல விரிகின்றன. 2010இல் ரூபாய்க்குக் குறியீடு கிடைத்தது, வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர் என்பதில் நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம். 2011இல் அந்தக் குறியீட்டைக் காசில் வைத்தபோது வடிவத்தையும் மாற்றினார்கள், கோடு பத்தானது. அவ்வளவுதான் விஷயம். பதினைந்து கோடு பழைய அச்சு, பத்துக் கோடு புதிய அச்சு. குறியீடு இல்லாத காசு குறியீடு பிறப்பதற்கு முன்னால் அடித்த காசு. இதற்கு நடுவே அம்பேத்கரின் 125ஆவது பிறந்த ஆண்டு, யோகா தினம், சின்மயானந்தர் நூற்றாண்டு, தேசிய ஆவணக் காப்பகம் என்று நினைவு வடிவங்கள் வேறு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே பதினான்கு வடிவங்களையும் எண்ணிச் சொல்லி, அத்தனையும் செல்லும் என்று அறிவித்தது. சந்தேகம் இருந்தால் 14440 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம் என்றும் ஏற்பாடு செய்தது.

ஆண்டுக்குக் கீழே பாருங்கள், அங்கேயும் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. மும்பையில் அடித்தால் சின்ன வைர வடிவம், ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், நொய்டா என்றால் புள்ளி, கொல்கத்தா என்றால் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டுப் போலி என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். (சென்னையில் தங்கசாலை என்று ஒரு தெருவே இருக்கிறது, கம்பெனி காலத்து நாணயச்சாலையின் பெயர் அது. இன்று தமிழ்நாட்டில் நாணயச்சாலை இல்லை.)

கள்ளக்காசே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பிடிக்க வேண்டிய இடம் கோடு அல்ல. நகத்தால் பொருத்தைத் தடவுங்கள். நடு வில்லையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அசையக் கூடாது. வளையத்தின் அகலம் சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். இதோடு நல்ல காசு என்று தெரிந்த இன்னொரு பத்து ரூபாயை ஒரு சின்னத் தராசில் எதிரெதிர்த் தட்டில் வையுங்கள். சுண்டிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் இதில் செய்யாதீர்கள். ஒரே உலோகத்தில் அடித்த காசு கணீரென்று சொல்லும், இரண்டு துண்டு பூட்டிய காசுக்குக் குரல் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும், நல்ல காசையே சந்தேகப்பட்டுவிடுவீர்கள்.

2022இல் நம் மாநிலத்தில் ஒருவர் பத்து ரூபாய்க் காசாகவே ஆறு லட்சம் சேர்த்துக் கொடுத்து கார் வாங்கினார், இந்தக் காசு செல்லும் என்று ஊருக்குக் காட்ட. செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது எடைதான்: அறுபதாயிரம் காசு, 460 கிலோவுக்கு மேல். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லத்தக்கவை, அதற்கு மேல் காசாக வாங்கிக்கொள்ளும் கட்டாயம் விற்றவருக்கு இல்லை. அவர் விரும்பி வாங்கியிருக்கிறார். ஆயிரத்துக்குள் நீட்டும் ஒற்றைக் காசை மறுக்கும் கடைகளுக்கு நடுவில் இதைப் படித்தபோது மனசு நிறைந்தது.

மறுநாள் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு பெட்டிக்கடைக்குப் போனேன். அக்கா பொறுமையாகப் பார்த்தார். பொருத்தைக் காட்டினேன், நகத்தால் இழுக்கச் சொன்னேன். "வழுவழுன்னு இருக்குதுங்க" என்றார். பிறகு குனிந்து, பலகைக்குக் கீழிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். முழுக்கப் பத்து ரூபாய்க் காசு. வேண்டாம் என்று சொல்லியும் யாரோ தலையில் கட்டிவிட்டுப் போனவை, திரும்பக் கொடுக்க முடியாமல் இரண்டு வருஷமாகச் சேர்ந்தவை. எண்ணினோம், 83 இருந்தன. நோட்டாக 830 ரூபாய் கொடுத்து டப்பாவோடு வாங்கி வந்தேன்.

அன்று ராத்திரி தரையில் கொட்டி வடிவம் வடிவமாகப் பிரித்தோம். ஒன்பது வகை தேறியது. ஹைதராபாத் நட்சத்திரம்தான் அதிகம். அம்பேத்கர் மூன்று, யோகா ஒன்று. பதினைந்து கோடு போட்டது பன்னிரண்டு, அதில் ஒன்றின் பொருத்துகூட நகத்தில் தட்டவில்லை. 2005 என்று ஆண்டு போட்ட அந்த முதல் காசு மட்டும் கிடைக்கவே இல்லை. இரண்டைத் தவிர மற்றதையெல்லாம் மறுபடி புழக்கத்தில் விட்டுக்கொண்டிருக்கிறேன், கடைக்கு ஒன்றாக. போன வாரம் அதே அக்கா கடையில் பதினைந்து கோட்டுக் காசு ஒன்றை நீட்டினேன். எண்ணவில்லை. நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நேராகக் கல்லாவில் போட்டார்.